ஆற்றோரத்தில் ஐந்து சாக்கு உருவங்கள்

கரமனையில் ஆற்றோரமாக நடைப்பயிற்சிக்குப் பாதை போட்டு முடித்ததும், அதில் ஐந்து சிற்பங்கள் வைப்பதென்று முடிவானது. எங்கெங்கே வைக்கலாம் என்று படம் வரையும் வேலை என்னிடம் வந்தது. பாலிடெக்னிக் முடித்து, மாநகராட்சியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பொறுப்பில் வந்த முதல் படம் அது. கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் திரிந்தேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சிற்பத்துக்கு எதிரே வாசல் உள்ள வீட்டுக்காரர்கள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் படம் மேலே போகாது.

காகிதத்தில் வட்டங்களைக் காட்டினால் யாருக்கும் விளங்கவில்லை. சிற்பங்களின் உயரத்துக்கே மூங்கிலும் சாக்கும் வைத்து மாதிரி உருவங்களை நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. அப்பா கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை அவரே ஐந்தையும் கட்டி நட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஐந்துக்கும் சுண்ணாம்பில் உருட்டு விழி, கரியில் மீசை. கட்டடம் எழும்பும் இடங்களில் திருஷ்டி பொம்மை, இந்த ஊர் மலையாளத்தில் நோக்குகுத்தி, கட்டிப் பழகிய அப்பாவின் கை சும்மா இருக்கவில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது, அக்ரகாரத்தின் கடைசி வீடு. அங்கே தனியாக இருந்த மாமி தாளைத் தொடவே இல்லை.

"நோக்குகுத்தின்னா நம்ம வாசல்ல நின்னு தெருவப் பாக்கும். இது தெருவுல நின்னுண்டு என் வாசலப் பாக்கறதே. வரவா போறவா கண்ணெல்லாம் எனக்கா?"

இது வெறும் மாதிரி, நிஜத்தில் வரப்போவது சிறகு விரித்த கல் நாரை என்றேன். கேட்கவில்லை. இதெல்லாம் மூடநம்பிக்கை என்றும் சொல்லித் தொலைத்தேன். கதவு சாத்திக்கொண்டது.

வீட்டில் அப்பாவிடம் சண்டை போட்டேன். அவர் அசரவில்லை. "மொகம் இல்லாம நின்னா பொணம் மாதிரி இருக்கும்லா, மக்ளே."

மறுநாள் காலை ஐந்தாவது உருவத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் நானே குடையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றேன். பஸ் வராத இடத்தில் நிற்கிறாயே என்று மலையாளத்தில் கேட்டபடி ஒருவர் நடந்து போனார். மாமி கேட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"நேத்து பேசினது தப்புதான், மாமி. இப்ப நான்தான் நாரை. உங்க வாசலுக்கு எப்படித் தெரியுதுன்னு பாத்துச் சொல்லுங்க."

வெகுநேரம் பார்த்தார். கதவைத் திறந்ததும் தினமும் முதலில் படித்துறைத் தண்ணீரைப் பார்ப்பது அவர் வழக்கமாம். நான் அதைச் சரியாக மறைத்துக்கொண்டு நிற்கிறேனாம்.

"தெக்கே தள்ளிக்கோ. இன்னும் கொஞ்சம். ம், இப்பத் திரும்பு. கொக்குன்னா மீனப் பாக்கணும், என்னைப் பாத்து என்ன கெடைக்கும் அதுக்கு?"

நின்ற இடத்தில் செங்கல்லை வைத்து அளந்தேன். பழைய இடத்திலிருந்து ஒன்பதடி. மாமி என்னை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார். தாளை வாங்கி, 'முகம் ஆற்றுப் பக்கம்' என்று தமிழில் எழுதி, அடிக்கோடிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலையே ஐந்தாவது வட்டத்தை அழித்துவிட்டு ஒன்பதடி தெற்கே வரைந்தேன். சிற்பங்களுக்கு நடுவே நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த சம இடைவெளி கெட்டுப்போனது. படம் எனக்கு முன்னைவிட அழகாகத் தெரிந்தது.