கேதீஸ் அண்ணையின் அடுத்த வண்டி

சுவிஸின் கூர் நகரத்து வாகனச் சோதனை நிலையத்தில் கேதீஸ்வரனின் வெள்ளை வானுக்கு அடியில் நின்ற பரிசோதகர், டோர்ச் லைற்றை அணைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார். சத்திரசிகிச்சை அறையிலிருந்து வெளியே வரும் டொக்டர்மார் சொந்தக்காரரிடம் வாயைத் திறக்க முன்னர் விடுவார்களே, அந்த மாதிரிப் பெருமூச்சு. அடிச்சட்டம் உக்கிவிட்டது, ஒட்டுப்போட்டுப் பிரயோசனமில்லை. "துவெட் மர் லைட்," என்றார். மன்னிக்க வேண்டுமாம்.

கேதீஸ்வரனும் மரியாதைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு தலையாட்டினார். வானை அங்கேயே விட்டுவிட்டு பஸ் தரிப்பில் வந்து நின்றபோதுதான் தனக்குத் துக்கம் ஒன்றும் வரவில்லை என்பதைக் கவனித்தார். தோளிலிருந்து யாரோ அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பதினான்கு வருடம். ஒன்பது பேர் ஏறுகிற அந்த வானை அவர் வாங்கியது இரண்டு பிள்ளைகளுக்காக. பிள்ளைகள் ஏறியதைவிட ஊர்ச்சனம் ஏறியதுதான் கூட. சூரிச் விமான நிலையத்துக்கு எத்தனை தரம் போனார் என்று எண்ணுவதைவிட, போகாத மாதங்களை எண்ணுவது சுலபம். மணப்பெண்ணை ஏற்றினார். தேருக்கு வாழைமரம் ஏற்றினார். செத்தவீட்டுக்குக் கதிரை ஏற்றினார். தொலைபேசியில் எல்லாக் குரலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். முதலில் ஒரு செருமல். "அண்ணை, சுகமோ? அக்கா சுகமோ?" பிறகு ஒரு மூச்சு இடைவெளி. "ஒண்டுமில்லை, ஒரு சின்ன உதவி." பெரிய உதவி என்று இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. ஜெனீவா வரைக்கும் போய் வருவதும் சின்ன உதவிதான். அதற்கெல்லாம் கேதீஸ்வரனிடம் இருந்தது ஒரே பதில். "ஓம், வாறன்."

இப்போது அவருக்கு ஐம்பத்தேழு வயது. களுவாஞ்சிகுடியிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்து, ஹொட்டல் ஒன்றில் கோப்பை கழுவி, பிறகு மலைக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்து, பத்தொன்பது வருடமாகக் காலை ஆறு மணிக்குச் சூப் பானை தூக்குகிறார். முதுகெலும்பில் இரண்டு தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று டொக்டர் படம் பிடித்துக் காட்டியிருந்தார். மகன் ரெனானில், மகள் பாசலில். வீட்டில் அவரும் சிவபாக்கியமும் மட்டும். சிவபாக்கியத்துக்கு ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில் வேலை. இருவருக்கும் ஒன்றாய் விடுமுறை வருவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளைத்தான் கேதீஸ்வரன் பதினான்கு வருடமாக ஊருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்து படுத்தார். அது திரும்பித் தனக்கு வேண்டும் என்று அவர் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரியவில்லை.

வண்டியே வேண்டாம் என்று இருந்துவிடவும் வழியில்லை. முதல் போஸ்ட் பஸ் மேலே போய்ச் சேர ஏழே கால் ஆகும். "ரெண்டு கிழமைக்கு நீ பிந்தி வரலாம், கெட்டி. அதுக்கு மேலே நான் சமாளிக்க மாட்டன்," என்று தலைமைச் சமையல்காரி சொல்லிவிட்டாள். சுவிஸ்காரர் வாயில் கேதீஸ்வரன் கெட்டிதான். அது நவம்பர் மாதம். மேலே ஏறுகிற தெருவில் பனி விழுந்தால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் ஏறும்.

வெள்ளிக்கிழமை கோயிலில் செய்தி பூசைக்கு முதலே பரவியிருந்தது. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே கேள்வி வந்தது. "என்ன கேதீஸ் அண்ணை, புதுசோ, பழசோ?" விபூதி தருகிற கையிலும் அதே கேள்வி. வாங்குவீர்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கோயில் நிர்வாகசபைத் தலைவர் கந்தப்போடி எழுபது வயதுக்காரர். மூச்சு எடுக்கும் இடத்திலெல்லாம் 'அதாவது' போடுவார். "தம்பி, அதாவது, ஒரு கோயில் எண்டா ஒரு வாகனம் வேணும். அதாவது, சாமிக்கும் வேணும், சனத்துக்கும் வேணும். புதுசா எடு. ஏழு சீற். அதாவது, பெரிய காட்டு ஜீப் மாதிரி ஒண்டு."

"நான் சின்னதா ஒரு ஃபோர் வீல் பாப்பம் எண்டு..." என்று கேதீஸ்வரன் தொடங்கினார்.

கந்தப்போடி சிரித்தார். நல்ல பகிடி ஒன்றைக் கேட்டவர் போலப் பக்கத்தில் நின்றவருக்கும் சொல்லிச் சிரித்தார். அத்தோடு சின்ன வண்டி முடிந்தது.

வண்டி பார்க்கப் போவதென்றால் தனியே போவது நம்மவர் வழக்கமில்லை. பெண் பார்க்கப் போகிற ஆட்களெல்லாம் இதற்கும் போக வேண்டும். சனிக்கிழமை காட்சியறைக்கு நான்கு பேர் போனார்கள். கேதீஸ்வரன், சிவபாக்கியம், கந்தப்போடி, சிவபாக்கியத்தின் தம்பி ஜனார்த்தன். ஜனார்த்தன் துப்புரவுக் கொம்பனி நடத்துகிறவன். கராஜ்காரன் இல்லை, ஆனால் எந்த வண்டியைக் கண்டாலும் ரயரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "ம்," என்று மட்டும் சொல்லுவான். அந்த 'ம்'முக்குக் கூரில் நல்ல மதிப்பு இருந்தது.

விற்பனையாளருக்கு முப்பது வயது இருக்கும். மெல்லிய கழுத்து, இறுக்கமான கோட்டு. ஒவ்வொரு வசனத்தையும் "ஆல்ஸோ" என்று கதவைத் திறப்பதுபோலத் தொடங்கினான். அது ஜெர்மன் மொழியின் 'அதாவது'. "ஆல்ஸோ, ஹெர் கெட்டி, இது மூன்று வரிசை. ஆல்ஸோ, கூரை முழுக்கக் கண்ணாடி. ஆல்ஸோ, இருக்கையே முதுகைப் பிடித்துவிடும்." புது வண்டி கறுப்பாய், உயரமாய், ஒரு சின்ன வீடு மாதிரி நின்றது. கந்தப்போடி ஒருத்தரையும் கேட்காமல் முன்சீற்றில் ஏறிக் கால் நீட்டினார். ஜனார்த்தன் ரயரைத் தட்டினான். சிவபாக்கியம் கேட்காமலே மூன்றாவது வரிசைக்குப் போய், வழக்கமாய் அன்னதானப் பானையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற மாதிரிக் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். இரண்டு நிமிடத்தில் நித்திரை.

"ஆல்ஸோ, உங்களுக்கு இந்த வண்டி எதற்குத் தேவை?" என்று விற்பனையாளன் கேட்டான்.

இத்தனை நாளில் அதைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். கேதீஸ்வரன் வாயைத் திறக்க முதலே கந்தப்போடி உள்ளேயிருந்து ஜெர்மனில், "டெம்பல், ஃப்ளூக்ஹாஃபன், ஹோக்ஸைட்," என்றார். கோயில், விமான நிலையம், கலியாணம். ஜனார்த்தன், "உம்ஸூக்," என்று வீடு மாறுவதையும் சேர்த்தான். விற்பனையாளன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை பாசலிலிருந்து பாஸ்கர் போன் எடுத்தார். மருந்துக் கொம்பனியில் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை. போன வருடம் அவருடைய அப்பா அம்மாவை விமான நிலையத்திலிருந்து கொண்டுபோய்ச் சேர்த்தது கேதீஸ்வரன்தான்.

"அண்ணா, ஒரு ஷீட் போட்டு அனுப்பிருக்கேன், பாத்தீங்களா? புதுசு எடுத்தீங்கன்னா ஷோரூம் கேட்டைத் தாண்டினதும் வேல்யூ டவுன். செகண்ட் ஹேண்ட் தான் ப்ராக்டிகல். நாலு வருஷம் ஓடினது, சிங்கிள் ஓனர், மூணு ஆப்ஷன் பச்சைல மார்க் பண்ணிருக்கேன்."

"நல்லது தம்பி."

"எல்லாமே செவன் சீட்டர்ண்ணா. ஜூன்ல அப்பா அம்மா திரும்ப வர்றாங்க. இந்த தடவை மாமனார் மாமியாரும்."

கதை முடிந்ததும் கேதீஸ்வரன் போனிலேயே அந்த அட்டவணையைப் பார்த்தார். புதுசு என்றால் கந்தப்போடிக்கு ஓடுவது. பழசு என்றால் பாஸ்கருக்கு ஓடுவது. நிறம் மட்டும்தான் வித்தியாசம். சோபாவில் சாய்ந்து கிடந்த சிவபாக்கியம், "என்னவாம்?" என்று கேட்டாள்.

"பழசு நல்லதாம்."

"எதையாவது எடுங்கோ. எனக்கு நித்திரை வருது."

புதன்கிழமை இடைவேளையில் சமையலறைப் பின்வாசலில் நின்று கோப்பி குடிக்கும்போது ஜியானிடம் இதைச் சொன்னார். ஜியான் அந்த இல்லத்தின் பராமரிப்பாளர், பழைய வேட்டைக்காரர். செப்டெம்பர் வந்தால் மூன்று கிழமை ஆளைக் காணக்கிடைக்காது, மானோடுதான் இறங்கி வருவார். அவருடைய மலைநாட்டு ஜெர்மனில் ஒரு சொல் வந்து விழுந்து அடுத்த சொல் வருவதற்குள் ஒரு பசு கடந்து போகலாம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "கெட்டி. என்ர முழங்கால். போச்சு. வேட்டை. இனி இல்லை. வண்டி நிக்குது. வா."

விறகுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்றது. பதினோரு வயதான ஜப்பான் டீசல் வண்டி, பச்சை, நான்கு சக்கரமும் இழுப்பது, கதவில் கீறல், சக்கரம் தொடையளவுக்கு. என்ஜின் முதல் தரத்திலேயே பிடித்தது. ஜியான் பின்கதவைத் திறந்தார். உள்ளே இரும்பு வலை, அதற்குப் பின்னால் வெறும் தகரத் தளம். தேவதாரு மணமும், அதற்கடியில் வேறொரு மணமும்.

"ஒரு குறை இருக்கு," என்றார் ஜியான். முகம் சுருங்கிவிட்டது. சாம்பல் நிறப் பதிவுக் கடதாசியை நீட்டி விரலால் காட்டினார். இருக்கைகள் என்ற கட்டத்தில் 2 என்று இருந்தது. பின்சீற்றுகளையும் அவை பூட்டுகிற இடங்களையும் வெட்டி எடுத்துவிட்டாராம், மான் கிடத்துவதற்கு. சாமான் வண்டி என்று பதிந்தாயிற்று. திரும்பப் போடுவதானால் புதிதாய்ச் சோதனை, புதிதாய் அனுமதி. யாரும் செய்யமாட்டார்கள்.

கேதீஸ்வரன் அந்தக் கட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அரசாங்கம் அச்சடித்திருக்கிறது. முத்திரை குத்தியிருக்கிறது. மூன்றாவது ஆள் ஏறினால் பொலிஸ் பிடிக்கும்.

அவர் கடதாசியை விட்டுக் கண்ணை எடுக்காததை ஜியான் ஏமாற்றம் என்று நினைத்தார். "சரி, ஐந்நூறு குறைக்கிறன்," என்றார். பசுவுக்குக் காத்திராமல் உடனேயே சொன்னார். கேதீஸ்வரன் கஷ்டப்பட்டு முகத்தைத் துக்கமாகவே வைத்துக்கொண்டு கைகொடுத்தார்.

வீட்டில் சிவபாக்கியத்துக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சுலபமானதை முதலில் சொன்னார்.

"பின்னால மான் ஏத்தினவராம்."

"செத்த மானோ?"

"உயிரோட ஏறுமோ?"

அவள் தலையில் கை வைத்தாள். "வெள்ளிக்கிழமை விரதக்காரர் வீட்டில... சரி, மஞ்சத்தண்ணி தெளிப்பம். வேற என்ன?"

"ரெண்டு சீற்தான் இருக்கு."

சிவபாக்கியம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழும்பிப் போய் வாளியில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கினாள். குழாயடியிலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் வந்தது. கேதீஸ்வரன் அதைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசிக்க வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஐயர் நான்கு சக்கரத்துக்கும் நான்கு பழம் வைத்தார். ஜனார்த்தன் ரயரைத் தட்டி, "ம்," என்றான். பழம் நசிக்கிற ஓட்டத்துக்கு வழக்கம்போலத் தானும் ஏறுவதற்காகக் கந்தப்போடி முன்கதவைத் திறந்தார். அங்கே சிவபாக்கியம் இருந்தாள். பதினான்கு வருடத்தில் அவளை முன்சீற்றில் கண்டவர் யாருமில்லை.

"தங்கச்சி, அதாவது..." என்றார் கந்தப்போடி.

"நான் இருக்கிறன் அண்ணை," என்றாள் அவள். இறங்கவில்லை.

அவர் பின்னால் போய்க் கண்ணாடிக்குள்ளால் எட்டிப் பார்த்தார். "எங்க தம்பி சீற்?"

"இல்லை அண்ணை. பேப்பரிலயும் ரெண்டுதான்," என்றார் கேதீஸ்வரன்.

"அதாவது, ஒரு பாய் விரிச்சா ஆறு பேர் இருக்கலாமே. ஊரில லொறியில போனனாங்கள்தானே."

"இஞ்ச பொலிஸ் பிடிக்கும்."

கந்தப்போடி தாடையைத் தடவிக்கொண்டு வண்டிக்கு வழிவிட்டார். நான்கு பழமும் நசிந்தன. ஐயர் மணி அடித்தார். கேதீஸ்வரனுக்கு உள்ளே ஒரு ஞாயிற்றுக்கிழமை விரிந்து கிடந்தது.

அது சனிக்கிழமை பின்னேரம் வரைக்கும்தான் கிடந்தது. வேலை முடிந்து, சிவபாக்கியத்தையும் ஆஸ்பத்திரி வாசலில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கீழே வந்து நிறுத்தும்போது போன் அடித்தது. ஜனார்த்தன். ஒரு செருமல்.

"அத்தான், சுகமோ? அக்கா சுகமோ?"

"ஓம்."

"ஒண்டுமில்லை. ஒரு சின்ன உதவி. லண்ட்குவார்ட்டில ஒரு அல்மாரி கிடக்கு. உங்கட வண்டியில பின்னால சீற் இல்லாதது எவ்வளவு நல்லம் பாருங்கோ. படுக்க வைச்சாக் கொள்ளும். தலைவரும் சொன்னவர், தேருக்கு இரும்புச் சாமான் எல்லாம் இனி உங்களிட்டத்தானாம். நாளைக்குப் பத்து மணிக்கு வாறியளோ?"

கேதீஸ்வரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். ஏழு பேரை ஏற்றமுடியாத வண்டியை வாங்கியிருந்தார். அது ஏழு பேருடைய சாமானை ஏற்றும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கடதாசியில் சாமான் வண்டி என்று அச்சடித்திருந்தும் தோன்றவில்லை. முதுகு வலித்தது. நாக்கு, பழகின பாதையில், 'ஓம்' என்பதற்காக உருண்டு வந்தது.

"ஏலாது," என்றார்.

"ஆ?"

"ஏலாதடா."

"என்ன அத்தான், சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன். ஞாயிற்றுக்கிழமை ஏலாது. இந்த ஞாயிறு மட்டுமில்லை."

"அக்கா பக்கத்தில நிக்கிறாவோ? ஒருக்காக் குடுங்கோ."

கேதீஸ்வரன் போனைக் கொடுத்தார். சிவபாக்கியம் காதில் வைத்து நெடுநேரம் கேட்டாள். "ஓம்... ஓமடா... பெரிய அல்மாரிதான்... அவர் சொன்னதுதான் தம்பி. வைக்கிறன்."

போனை அவருடைய மடியில் போட்டாள். "இந்த ஒரு சொல்லைச் சொல்ல உங்களுக்கு ஒரு கார் வாங்க வேண்டிக் கிடந்திருக்கு," என்றாள்.

"கோவிச்சுக்கொண்டானோ?"

"கோவிக்கட்டுமன். ரெண்டு நாளையில சரியாயிடும்."

வண்டியை நிறுத்தியும் இருவரும் இறங்கவில்லை. இறங்க விடாத அலுப்பு உடம்பில் இருந்தது. பின்னால் வெறும் தகரம் குளிர்ந்து கிடந்தது. கேதீஸ்வரன் திரும்பி அதைப் பார்த்தார். இரண்டு மீற்றர் அல்மாரி, குறுக்கே சரித்தால், கதவை ஒரு சாண் திறந்து கட்டினால்... வலது கை தானாகவே எழும்பி அளக்கத் தொடங்கியது. அதைக் கண்ட சிவபாக்கியம் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.