ரயிலுக்கு முழிக்காத பிள்ளை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் கடற்கரை ரயில் பாதையை ஒட்டியிருக்கிறது. ரயில் வரும்போது வீட்டில் யார் கதைத்துக்கொண்டிருந்தாலும் பாதி வசனத்தில் நிறுத்திவிடுவோம். அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம். கேட்கிறவரும் பேசாமல் காத்திருப்பார். இப்படிச் செய்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள்தான் சொல்லிச் சிரிப்பார்கள்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கையோடு, என் மச்சாள், கணவரின் அக்கா, கொட்டாஞ்சேனையிலிருந்து பார்க்க வந்தார். நல்ல மனுசி. ஆனால் மனதில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. மச்சாள் துள்ளி எழும்பியதில் தேத்தண்ணி அவரது சேலையெல்லாம் ஊற்றுப்பட்டது. தொட்டிலில் கிடந்த பிள்ளை கண்ணிமையைக்கூட அசைக்கவில்லை.

“இவ்வளவு சத்தத்துக்கும் பிள்ளை அசையேல்லையே. காது கேக்குதோ?” என்றார் மச்சாள்.

“என்ன கதை கதைக்கிறியள், மச்சாள்?” என்று சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் போனதும் அந்தக் கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. அடுத்த ரயிலுக்குத் தொட்டிலடியில் போய் நின்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மகள் நிம்மதியாக நித்திரை கொண்டாள். அதற்கடுத்த ரயிலுக்கும் அப்படியே. நான் கூப்பிட்டால் தலையைத் திருப்புவாள். ஆனால் என் குரலுக்குத் திரும்புகிறாளா, பால் மணத்துக்கா என்று யார் கண்டது?

“கையைத் தட்டிப் பாப்பமே?” என்றார் கணவர்.

“இந்த ரயிலுக்கே முழிக்காத பிள்ளைக்குக் கை தட்டி என்னத்தைப் பாக்கிறது?” என்று சீறினேன். டொக்டரிடம் அடுத்த கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. அதுவரை சோறு இறங்கவில்லை. தாலாட்டுப் பாடத் தொடங்குவேன், இவளுக்குக் கேட்கிறதோ என்ற நினைப்பு வரும், பாதியில் நிறுத்திவிடுவேன்.

தான் சொன்ன சொல் படுத்துகிற பாட்டை அறிந்து மச்சாளே போன் எடுத்தார். “வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சுக்கொண்டு இராதை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வா.”

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். பின்னேரம் மகளை மடியில் போட்டுக்கொண்டு முன் அறையில் இருந்தேன். மச்சாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டு வந்து வைத்தார். அப்போது பக்கத்துத் தேவாலயத்தில் மணி அடித்தது.

மகள் இரண்டு கையையும் விரித்து, ஆகாயத்தைப் பிடிக்கிற மாதிரி எறிந்தாள். கண்ணை அகல விழித்தாள். முகம் சிவக்க வீரிட்டுக் கத்தினாள்.

“கேக்குது, மச்சாள். மணி கேக்குது இவளுக்கு,” என்றேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

“எந்த மணி?” என்றார் மச்சாள்.

அவர் அந்த வீட்டுக்குக் கலியாணம் கட்டி வந்தவர். அந்த மணிக்குக் கீழேதான் இத்தனை வருசமும் சமைத்தார், கதைத்தார், நித்திரை கொண்டார். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, “ஓம், அடிக்குது என்ன,” என்று சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். “நானும் இவ்வளவு நாளும் ஒழுங்காச் சாப்பிடேல்லை,” என்று அப்போதுதான் சொன்னார்.

மணி தொடர்ந்து அடித்தது. அடுத்த அடிக்கு மகளின் கை பாதிவரை எழும்பியது. பிறகு விரல்கள் மட்டும் அசைந்தன. மணி ஓயமுன்னரே நித்திரையாகிவிட்டாள்.

டொக்டர் காதைச் சோதித்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்றார். “புதுச் சத்தத்துக்குத்தான் உடம்பு துள்ளும். திரும்பத் திரும்பக் கேட்டால் மூளை அதை விட்டிடும். இவ வயித்துக்குள்ள இருக்கேக்கையே உங்கட ரயிலைக் கேட்டுப் பழகிட்டா.”

“அப்ப நாங்கள் பிடிச்ச சண்டையெல்லாம்?” என்று கணவர் கேட்டார்.

“அதுக்கும் பழகியிருப்பா,” என்றார் டொக்டர்.

இப்போதும் ரயில் வரும்போது பாதி வசனத்தில் நிறுத்துகிறோம். நான் அந்த நேரத்தில் தொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பேன். முன்பு என்னைச் சாகடித்த அதே முகம், அதேபோல் அசையாமல் கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் இன்னும் பழகவில்லை.