ஒம்பதாம் ரூம்ல படுத்திருந்தவரு

பேய், ஆவின்னு எவனாச்சும் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிர்ற ஆளுண்ணே நானு. நீங்களும் சிரிப்பீக, தெரியும். நடந்தத நடந்தபடி சொல்றேன், நம்புறதும் நம்பாததும் ஒங்க பாடு.

ரெண்டாயிரத்து ஒம்பது, ஆகஸ்ட் மாசம். ஷார்ஜா தொழில்பேட்டையில எங்க கம்பெனி மொதலாளி சொல்லாமக் கொள்ளாம நாட்ட விட்டே ஓடிட்டான், பாஸ்போர்ட்டெல்லாம் அவங்கிட்ட. கேம்ப்ல கரண்ட கட் பண்ணிட்டாங்க, தண்ணியும் மாஃபி, சொட்டுகூட இல்ல, நாப்பது பேரு நாதியத்துக் கெடக்கோம். பர் துபாய்லேர்ந்து நல்ல மனுசங்க சிலபேரு மத்தியானம் வேன்ல சோறு கொண்டாருவாங்க, அதுலதான் உசுரு ஓடுச்சு.

அன்னைக்கு எனக்கு அனலாக் காய்ச்சல். எல்லாரும் வேனுக்குப் போயிட்டாங்க. கொஞ்சம் காத்து வருமேன்னு காலியாக் கெடந்த ஒம்பதாம் ரூம்ல போயிப் படுத்தேன். பட்டப்பகலுண்ணே. கண்ணு சொருகி முழிச்சா எதிர்க் கட்டில்ல ஒருத்தர் செவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. திரும்பாமயே, நம்மூருத் தமிழுல,

"தம்பி, எங்க வீட்டுக்கு ஒரு போன் போட்டுரு. நம்பர் சொல்றேன், எழுதிக்க"ன்னாரு.

உள்ளங்கையில எழுதிக்கிட்டேன். அவரு பேசப் பேச, அந்த வெயில்ல, ஐஸ்பெட்டியத் தொறந்தாப்ல குளிரு வந்து அடிக்குது. எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். அந்தக் கட்டில்ல பலகையே இல்லண்ணே, வெறும் இரும்புச் சட்டம்.

விழுந்தடிச்சு ஓடி வாட்ச்மேன் கான் பாய்கிட்ட சொன்னேன். பெசாவர்க்காரரு, வயசானவரு, மொகம் செத்துப்போச்சு. "ஒங்களுக்கு முன்னாடி இங்க இருந்த கம்பெனியும் இப்படித்தான் ஓடுச்சு, அந்த ஆளுங்களும் தர்மச் சோறு தின்னுதான் கெடந்தாங்க. எல்லாரும் போன பொறவு ஒரு மதராஸி மட்டும் அந்த ரூம்ல கெடந்து செத்தான். பேரு தெரியல, காயிதம் இல்ல. ஆஸ்பத்திரி ஐஸ்பெட்டிக்குக் கொண்டுபோனாங்க, தேடி ஒருத்தரும் வரல"ன்னு இந்தியில சொன்னாரு.

கான் பாய் போன்லயே அந்த நம்பரப் போட்டேன். ஒரு அக்கா எடுத்துச்சு.

"நான் ஷார்ஜாவுலேர்ந்து பேசுறேன்..."

"தெரியும் தம்பி. கூட இருக்க தம்பி பேசும்னு சொல்லிட்டு எங்க வீட்டுக்காரரு இப்பத்தான் போன வச்சாரு. எப்ப வருவீகன்னு கேட்டா மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குறாரு. ஒங்களுக்காச்சும் தெரியுமா?"

செத்துட்டாருன்னு எப்புடிச் சொல்ல? "சீக்கிரம் வந்துருவாருக்கா"ன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன்.

ரெண்டு மாசங்கழிச்சு, பாஸ்போர்ட் இல்லாதவனுக்குத் தர்ற அவுட்பாஸ் கெடச்சு ஊரு வந்தேன். மனசு கேக்கல, உண்மையச் சொல்லிருவோம்னு, குறிச்சு வச்சிருந்த அந்த நம்பருக்குத் திரும்பப் போட்டேன். ஆம்பளக் கொரலு, ஒம்பதாம் ரூம்ல கேட்ட அதே கொரலு.

"வந்துட்டேன் தம்பி. நீதான் சொல்லிட்டியே."

பின்னாடி அந்த அக்கா, "சோறு போடவாங்க?"ன்னு கேட்டுச்சு.

நம்பரு அறந்தாங்கிப் பக்கம். இன்னைக்கும் அந்த வழியா பஸ்ல போனா, ஜன்னல அடச்சுட்டு கண்ண மூடிக்கிருவேண்ணே.