சுத்துக்கேணியின் கம்பெனி வக்கீல்

சுத்துக்கேணியில் இளவரசியின் வீடு எதுவென்று கேட்டால், "யாரு, கம்பெனி வக்கீலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி மனத்தாங்கல். விபத்தில் அடிபட்டவனுக்குப் பணம் வாங்கிக் கொடுக்கிற வக்கீல் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பணம் கொடுக்க வேண்டிய இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நிற்கிற வக்கீல், அதுவும் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பத்திலிருந்து போன பெண், அந்த வட்டாரத்தில் இவள் ஒருத்திதான்.

ஆரம்பத்தில் இதுகூட யாருக்கும் விளங்கவில்லை. சட்டம் படித்துவிட்டு, டவுனில் இன்சூரன்ஸ் வழக்குகளை மட்டுமே எடுக்கும் மரியசுந்தரம் வக்கீலின் ஆபீசில் அவள் சேர்ந்தபோது, பாலிசி விற்கப் போகிறாள் என்றே பாதி ஊர் நினைத்தது. "எம் மருமவனுக்கு ஒரு பாலிசி போட்டுக் குடும்மா, தவண கம்மியா பாத்து" என்று பஸ் ஸ்டாப்பில் மடக்கிய தையலம்மாளுக்கு விளக்கிச் சொன்னதில் இவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தையலம்மாள் கடைசிவரை நம்பவில்லை. பொண்ணு பிகு பண்ணுகிறது என்று போய்விட்டாள்.

பேர்தான் இளவரசி. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ், ஆபீசில் உட்கார்ந்தது ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில். கூட இருந்த ஜூனியர்கள் எல்லாம் டவுன் பிள்ளைகள், ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார்கள். இவள் வாயைத் திறக்கவே யோசிப்பாள். ஆனால் ஒன்று, போலீஸ் வாக்குமூலத்தைப் பிரித்தால் அந்தப் பிள்ளைகள் முழிக்க ஆரம்பித்துவிடும். "கொல்லிக்குப் போய்த் திரும்பறப்போ, மதகாண்ட லாரி ஒதுங்குச்சு" என்று ஒரு சாட்சி சொல்லியிருந்தால், அவன் எந்த வயலுக்குப் போனான், மதகை ஒட்டி லாரி எந்தப் பக்கம் ஒதுங்கியது, எதை மறைக்கிறான் என்பது இவளுக்கு ஒரே வாசிப்பில் தெரிந்துவிடும். இரண்டு வருடத்தில், கிராமத்து விபத்துக் கோப்பு எது வந்தாலும் முதலில் இவள் மேசைக்குத்தான் போனது. ஜெராக்ஸ் மெஷினை வேறு பக்கம் நகர்த்திவிட்டு, அவளுக்கு ஒரு ஃபேனும் போட்டுக் கொடுத்தார்கள்.

இப்படிப் பதினோரு வருடம். அவள் எழுதியதெல்லாம் மரியசுந்தரம் பெயரில் போனது. தொழிலில் அதுதான் வழக்கம், அதில் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் ஆசை இருந்தது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று வக்கீல்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கும், அதைப் பேனல் என்பார்கள். அதில் பெயர் ஏறினால் கோப்பு நேராக அவள் பெயருக்கே வரும். தன் பெயர் போட்ட கோப்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. விண்ணப்பம் போட்டாள். கம்பெனியின் சட்ட அதிகாரி ராஜ்மோகன் ஒரே ஒரு கோப்பைக் கொடுத்தார்.

"கேஸ் நிக்குமா நிக்காதான்னு உங்க பேர்ல ஒப்பீனியன் எழுதிக் குடுங்க மேடம். அதப் பாத்துட்டு முடிவு பண்றோம்."

கோப்பைப் பிரித்த இளவரசிக்குத் திக்கென்றது. லாரி ஓனர் பெயர் பாக்யராஜ், சுத்துக்கேணி. அவள் வீட்டுக்கு அடுத்த தெரு. கரும்பு ஏற்றிப் போன அவன் லாரியில் மோதி, எதிரே பைக்கில் வந்த கொத்தனார் ஒருவர் இறந்துபோயிருந்தார். உடனே போன் போட்டுச் சொன்னாள்.

"சார், லாரி ஓனர் எங்க ஊரு."

"சொந்தமா?"

"சொந்தம் இல்ல சார். சின்ன வயசுலேர்ந்து தெரியும்."

"அப்ப நீங்களே பாருங்க. தெரிஞ்சவங்களுக்கு எதிரா உங்களால நிக்க முடியுதான்னு நாங்களும் பாக்கணும்ல."

வழக்கில் சிக்கல் ஒன்றே ஒன்று. கொத்தனார் குடும்பத்துக்கு எப்படியும் பணம் கிடைத்துவிடும். அதைக் கடைசியில் யார் தலையில் கட்டுவது, கம்பெனியா பாக்யராஜா என்பதுதான் கேள்வி. சுத்துக்கேணி புதுச்சேரியைச் சேர்ந்த ஊர், லாரியின் பெர்மிட்டும் புதுச்சேரிக்குள் ஓடுவதற்கு மட்டும். விபத்து நடந்ததோ தமிழ்நாட்டில் என்று எஃப்.ஐ.ஆர். சொன்னது. பெர்மிட் இல்லாத மண்ணில் ஓட்டினால் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளலாம். பாக்யராஜிடம் அந்த லாரியையும் ஒரு காணி நிலத்தையும் தவிர வேறொன்றும் கிடையாது.

எங்கள் பக்கத்து எல்லையைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். ஒரே ரோட்டில் மூன்று தரம் மாநிலம் மாறும். எல்லையை யாரும் பார்த்ததில்லை, பார்த்ததெல்லாம் நல்வரவுப் பலகையைத்தான். பலகைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பால்காரரிலிருந்து போலீஸ்வரை எல்லாருக்கும் அதுதான் கணக்கு. பாக்யராஜும் அப்படியே வாக்குமூலம் கொடுத்திருந்தான்: "போர்டத் தாண்டிதாங்க அடிபட்டுச்சு." தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். முதலில் வந்தது அந்தப் பக்கத்துப் போலீஸ், அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஒரு வேலை குறைந்தது என்று இந்தப் பக்கத்துப் போலீஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோப்பின் கடைசியில் போலீஸ் வரைந்த விபத்து இடத்துப் படம் இருந்தது. ரோடு, லாரி, பைக், ரோட்டோரம் ஒரு சின்னக் கட்டம், அதற்குள் "மோட்டார் கொட்டகை" என்று எழுதியிருந்தது. இளவரசி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் அப்பா கட்டிய கொட்டகை. பலகையைத் தாண்டித்தான் இருக்கிறது. ஆனால் அந்த நிலத்துக்குப் பட்டா, வெள்ள நிவாரணம், இலவச மின்சாரம் எல்லாமே புதுச்சேரியில்தான் வாங்குகிறார்கள். உண்மையான எல்லை இன்னும் முந்நூறு மீட்டர் தள்ளி, வாய்க்காலில் இருக்கிறது. அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் சேறு. பலகையைக் கொண்டுவந்த கான்ட்ராக்டர், தரை கெட்டியாக இருந்த இடத்தில் நட்டுவிட்டுப் போய்விட்டான். மகாராசன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எஃப்.ஐ.ஆர். அவள் பக்கம், ஓனர் வாக்குமூலமும் அவள் பக்கம். கம்பெனி ஜெயிக்கும், பேனலில் பெயர் ஏறும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மாறாக, எல்லை தப்பு என்று எழுதினால், ஊர்க்காரனைக் காப்பாற்றுகிறாள் என்றுதான் எவனுக்கும் தோன்றும். அந்த வாரம் முழுக்க அவள் கோப்பைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தாள். பாக்யராஜ் மேல் எரிச்சலாக வந்தது. கான்ட்ராக்டர் மேல் அதைவிட அதிகமாக வந்தது.

ஆனால் கம்பெனி அவளிடம் கேட்டது ஜெயிக்கும் வழியை அல்ல, வழக்கின் நிலைமையை. எதிர்த்தரப்பு வக்கீல் என்றாவது ஒருநாள் சர்வே ஆபீசுக்குப் போனால் கம்பெனியின் வாதம் கோர்ட்டிலேயே பல்லிளிக்கும். அவளே போனாள். மனு போட்டு, நாலு நடை நடந்து, ரோட்டின் புல எண்ணோடு சர்வே படத்தின் நகலை வாங்கினாள். அவள் நினைத்தது போலவே இருந்தது. வாய்க்கால்தான் எல்லை. கொட்டகை புதுச்சேரி, விபத்தும் புதுச்சேரி.

ஒப்பீனியனை எழுதி மரியசுந்தரத்திடம் காட்டினாள். பெர்மிட் வாதத்தைக் கைவிட்டு சமரசமாகப் போவதே நல்லது என்று முடித்திருந்தாள். அவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "விபத்து இடத்தையொட்டிய நிலமும் மோட்டார் கொட்டகையும் என் குடும்பத்துக்குச் சொந்தமானவை."

"இத எடுத்துடும்மா. கேஸுக்குத் தேவையில்ல. வீணா சந்தேகத்தக் கிளப்பும்."

"நான் சொல்லாம பின்னாடி ராஜ்மோகன் சாரே கண்டுபிடிச்சா, படத்தையும் நம்பமாட்டாரு சார்."

"பேனல் போயிடுமேம்மா."

"போனா போவுது சார்" என்றாள். பொய், போனால் போகட்டும் என்று அவள் துளிகூட நினைக்கவில்லை. ஆனாலும் வரியை எடுக்கவில்லை.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அவளுக்கே தெரியாமல் ராஜ்மோகன் தன் ஆளை அனுப்பி சர்வே ஆபீசில் விசாரித்திருக்கிறார். நாலாவது வாரம் அவரே போன் செய்தார்.

"உங்க கொட்டாய் போர்டுலேர்ந்து எவ்ளோ தூரம் மேடம்?"

"நூத்தம்பது மீட்டர் இருக்கும் சார்."

"எங்க ஆளு நூத்து அறுபதுன்றான். சரி, லெட்டர் வரும், பாருங்க."

கடிதம் வந்தது. மூன்று வருடத்துக்குப் பேனல் வக்கீல் என்று அவள் பெயர் அச்சில் இருந்தது. அதை ஆபீஸ் பாத்ரூமில் போய் நின்று இரண்டு தரம் படித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்த மாதமே லோக் அதாலத்தில் வழக்கு முடிந்தது. கம்பெனி முழுப் பொறுப்பையும் ஏற்று கொத்தனார் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்தது. பாக்யராஜின் லாரியும் தப்பியது, காணியும் தப்பியது.

ஊரில் கதை வேறு மாதிரி பரவியது. பாக்யராஜ் பார்க்கிறவர்களிடம் எல்லாம் தன் வக்கீல் கம்பெனியை மண்ணைக் கவ்வ வைத்ததாகச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்ததை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது, பெற்ற தாயிடமானாலும். பேனல் கிடைத்ததைத்தான் வீட்டில் சொன்னாள். அம்மா வள்ளியம்மாளுக்கு அது காதில் ஏறவில்லை.

"தோத்தா இன்னாடி, வேல போவலல்ல? அது போதும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பாக்யராஜே எதிரில் வந்து நின்றான். கொஞ்சம் நெளிந்தான்.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சிக்காத. நீ உன் கம்பெனிக்கு நின்ன, எங்க வக்கீலு எனக்கு நின்னாரு. இந்த தபா தோத்துட்ட. அடுத்த தபா ஜெயிச்சிடுவ."

இளவரசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு நிம்மதியாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று தோன்றியது.

"சரிண்ணே."

அவள் பர்ஸைத் திறக்கப் போனாள். பாக்யராஜ் அவசரமாகத் தடுத்தான்.

"அய்ய, நீ எடுக்காத. தோத்தவங்கள காசு குடுக்க வுட்டா நல்லாவா இருக்கும்?"

"அப்ப இன்னொரு டீ சொல்லுண்ணே" என்று இளவரசி பெஞ்சில் நன்றாக நகர்ந்து உட்கார்ந்தாள்.