போண்டாவுக்கு முன் ஒரு தீர்மானம்

போத்தனூர் ஜெயஜோதி நகர் குடியிருப்போர் நலச்சங்கத்தில் இதுவரை எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை. அவ்வளவு ஒற்றுமை. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு, பூங்காவுக்கென்று ஒதுக்கி பூங்கா வராமலே போன இடத்தில், தகரக் கொட்டகையின் கீழ் கூடுவார்கள். செயலாளர் டேவிட்சன் ஒவ்வொரு பொருளாகப் படித்துவிட்டு, "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதுங்களா?" என்பார். யாருக்கும் இருக்காது. தினமும் காலையில் பார்த்துச் சிரிக்க வேண்டிய மனிதரை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவதா? மனதுக்குள் என்ன இருந்தாலும் வாயில் வருவது "பண்ணிப்போடலாமுங்க" என்பதுதான். பண்ணுவதா வேண்டாமா என்பதெல்லாம் பிறகு, அவரவர் வீட்டுக்குப் போய் முடிவு செய்துகொள்வது.

இந்தப் "பண்ணிப்போடலாமுங்க"வை ஒன்பது வருடமாகக் கேட்டு வந்தவர் மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசி வீட்டு கிருபாவதி. வயது அறுபத்தொன்று. மாநகராட்சிப் பள்ளியில் இருபத்தேழு வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை என்றாலும் ஊர் அவரை டீச்சரம்மா ஆக்கிவிட்டது. கணவர் அமிர்தராஜ் போத்தனூர் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தவர். இருவர் பெயரிலும் கடன் வாங்கி வீடு கட்டியபோது, தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். பிறகு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பது விதி. பழைய ரோட்டின் தலைமேலேயே போடுவது வழக்கம். நான்கு தடவை அப்படிப் போட்டதில், இப்போது தெருவிலிருந்து இரண்டு படி இறங்கி வீட்டுக்குள் போகிறார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. நகர்தான் உயர்ந்துகொண்டே போகிறது.

மழை பெய்தால் நகரின் மொத்தத் தண்ணீரும் மூன்றாவது குறுக்குத் தெருவின் கடைசிக்கு வந்து சேரும். அங்கே ரோட்டுக்கு அடியில் கிடக்கும் ஒற்றைக் குழாய் வழியாக அது மறுபக்கத்து ஓடைக்குப் போயாக வேண்டும். குழாயோ ஒரு குடத்தின் வாய் அளவு. காத்திருந்து சலித்துப்போன தண்ணீர் பக்கத்திலிருக்கும் கிருபாவதி வீட்டுக்குள் நுழைந்துவிடும்.

முதலில் அது தொல்லையாகத்தான் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அமிர்தராஜுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததும் பயமாகிவிட்டது. தண்ணீர் வந்தால் அவர் படுத்திருக்கும் கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்த வேண்டும், அவரோடு சேர்த்து. "கிருபா, எத்தனாம் நம்பர் பிளாட்பாரத்துல வருது?" என்று குழறலாகக் கேட்பார். மனைவி பயப்படக்கூடாது என்பதற்காகச் சொல்லும் ஜோக் அது. கிருபாவதியும் அவருக்காகச் சிரித்துவைப்பார்.

கட்டிலின் மறுமுனையைத் தூக்க ஓடி வருபவர் காளியாத்தாள். ஓடைக்கு அந்தப் பக்கம் தாழ்வில் இருக்கும் பதினோரு லைன் வீடுகளில் ஒன்று அவருடையது. ஜெயஜோதி நகர் பருத்திக்காடாக இருந்த காலத்தில் அவருடைய அம்மா இங்கே களை எடுத்தவர். காளியாத்தாள் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. நோயாளியை எப்படிப் பிடித்துத் தூக்குவது என்று கற்றவர். மேகம் கறுத்தாலே புடவையைச் சொருகிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். போன நவம்பரில் ஒரு நாள் மட்டும் அவருக்கு வேலையில் இருந்து வர முடியவில்லை. தண்ணீர் கட்டில் பலகைக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. கிருபாவதி முக்கால் மணி நேரம் கணவரின் தலையைத் தன் தோள்மேல் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த நாள் வாட்ஸப் குழுவில் படம் போட்டார். நாற்பத்தொரு பேர் கைகூப்பினார்கள்.

சங்கம் சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஒரு வருடம் உடற்பயிற்சிக் கருவிகள் நட்டார்கள். அவற்றில் துணி நன்றாகக் காய்கிறது. அடுத்த வருடம் கண்காணிப்புக் கேமராக்கள் வைத்தார்கள். அதன் பயனாக, கிருபாவதியின் வீட்டுக்குள் தண்ணீர் நுழைந்த காட்சி தேதி, மணி, நிமிஷத்தோடு துல்லியமாகப் பதிவானது. இந்த வருடம் நகர் முகப்பில் நுழைவு வளைவு. சங்கத்தில் சேர்ந்திருந்த நிதி வளைவுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. அதே நிதியை மூன்றில் ஒரு பங்காகக் கட்டினால், மீதியை அரசாங்கம் போட்டு, அந்தக் குழாய்க்குப் பதிலாகச் சிறுபாலம் கட்டித் தரும் திட்டமும் இருந்தது. ஆனால் ரோட்டுக்கு அடியில் இருக்கும் பாலத்தில் யார் பெயரை எழுதி, யார் படிப்பது?

தலைவர் பாலகோபால் வங்கி மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மேலாளராக இருப்பதிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. கிருபாவதி கேட்டுவந்த சிறுபாலத்தை, தலைவரான இந்த மூன்று வருடத்தில் அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் அதற்கு இடம் கொடுத்தார், ஏழாவது இடம். ஆறாவது பொருள் முடியும்போது போண்டாவும் டீயும் வந்துவிடும். எல்லாரும் எழுந்து நின்று, தட்டை வாங்கி, சட்னி கேட்டு, மகனுக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசி, அப்படியே கலைந்துவிடுவார்கள். டேவிட்சன் ஏழாவதைக் காலி நாற்காலிகளுக்குப் படித்துக் காட்டி, "அடுத்த கூட்டத்துக்கு" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

இது போதாதென்று, கிருபாவதி நச்சரிக்கிறார் என்பதற்காக அவருக்கு ஒரு பதவியும் கொடுத்தார்கள். "டீச்சரம்மா மாதிரி அனுபவசாலி சும்மா உக்காந்திருக்கலாமுங்களா? சிற்றுண்டிப் பொறுப்ப நீங்களே எடுத்துக்கோங்க," என்றார் பாலகோபால். பேக்கரியில் வாங்கும் போண்டாவை வீட்டு முறையில் சுட்டுப் போட ஒரு ஆள் கிடைத்தது. வாயும் அடைபட்டது. அவர் கணக்கு அப்படி.

கிருபாவதி கரண்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் நகரை முழுதாகப் புரிந்துகொண்டார். இருநூற்று நாற்பது பிள்ளைகளுக்கு இருபத்தேழு வருடம் சோறு போட்டவர். தட்டில் முட்டை விழும்வரை எந்தப் பிள்ளையும் வரிசையை விட்டு நகராது. விழுந்தபிறகு எந்தப் பிள்ளையும் வரிசையில் நிற்காது. ஜெயஜோதி நகர்க்காரர்களும் பிள்ளைகள்தான். வயது கொஞ்சம் கூட, பென்ஷன் வேறு வாங்குகிறார்கள்.

ஜூன் மாதக் கூட்டத்தில் ஆறாவது பொருளாக வளைவு வந்தது. வளைவு கட்ட யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதில் பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது என்பதில்தான் சிக்கல். வீட்டு எண்படியா, அகரவரிசையிலா, கொடுத்த நன்கொடைப்படியா? யாரும் சத்தம் போடவில்லை. "நீங்க சொல்றதும் செரிதானுங்க, இருந்தாலும்..." என்று ஒருவர் மாற்றி ஒருவர் பணிவாக ஒரு மணி நேரம் கழுத்தை அறுத்துக்கொண்டார்கள். கடைசியில் பெயர் வரிசையை ஆராய ஐவர் குழு அமைத்து வளைவை ஒத்திவைத்தார்கள். மணி ஐந்தே முக்கால். கொட்டகைக்குப் பின்னால் கிருபாவதி முதல் ஈடு போண்டாவைச் சுட்டெடுத்துப் போசியில் போட்டு மூடிவைத்திருந்தார். வாசனை மட்டும் போதுமான அளவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

பாலகோபால் எட்டிப் பார்த்தார். "டீச்சரம்மா, ஆச்சுங்களா?"

"இன்னும் வேகலீங்க. நீங்க ஏழாவத முடிச்சுப்போட்டு வாங்க, சூடா எடுத்துப்போடறேன்."

போண்டா இல்லாமல் எழுந்து போக யாருக்கும் மனம் வரவில்லை. உட்கார்ந்தார்கள். டேவிட்சன் ஏழாவது பொருளைப் படித்தார். மூன்று வருடத்தில் அதை முழுதாகப் படிப்பது அவருக்கே அதுதான் முதல் தடவை, கடைசி வரி எங்கே முடிகிறது என்று தேடினார். பிறகு, "யாருக்காச்சும் ஆட்சேபணை இருக்குதுங்களா?" என்றார். எல்லார் கண்ணும் போசி இருந்த பக்கமே இருந்தது.

பாலகோபால் வழக்கம்போலச் சிரித்தார். "பண்ணிப்போடலாமுங்க."

"தம்பி, தலைவர் சொன்னத அப்படியே எழுதிப்போடுங்க," என்றார் கிருபாவதி, கரண்டியும் கையுமாகக் கொட்டகைக்குள் வந்து நின்று.

டேவிட்சன் தலைவரைப் பார்த்தார். தலைவர் கரண்டியைப் பார்த்தார். நாற்பது பேர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெறுவது மரியாதையாக இருக்காது. டேவிட்சன் எழுதினார். ஜெயஜோதி நகர் வரலாற்றில் "பண்ணிப்போடலாமுங்க" என்று சொன்னது பண்ணுவதில் போய் முடிந்தது அப்படித்தான். அன்றைக்கு ஆளுக்கு நான்கு போண்டா போட்டார் கிருபாவதி.

செப்டம்பரில் வேலை முடிந்தது. பழைய குழாயைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஆள் குனிந்து நடக்கலாம் என்கிற அளவுக்குக் கான்கிரீட் பாலம் கட்டினார்கள். ரிப்பன் வெட்டிய பாலகோபால், தாம் பதவியேற்ற நாளிலிருந்து கண்ட கனவு இது என்று பேசினார். கிருபாவதி கைதட்டினார்.

அக்டோபர் இரண்டாவது வாரம், மதியம் மூன்று மணிக்கு மழை கொட்டியது. கிருபாவதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தெருத் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு வந்து, வீட்டு வாசலைத் திரும்பியும் பாராமல் பாலத்துக்குள் போனது. உள்ளேயிருந்து அமிர்தராஜ் கேட்டார், "கிருபா, எத்தனாம் பிளாட்பாரம்?"

"இன்னைக்கு வண்டி கேன்சலுங்க."

அமிர்தராஜ் சிரித்தார். கிருபாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு மழைச் சத்தத்தை மழைச் சத்தமாகவே கேட்டார். காபி போட்டார், காளியாத்தாளுக்கும் சேர்த்து மூன்று டம்ளர். இரண்டு காலியானது. மூன்றாவது ஆறிப்போனது.

நான்கு மணியாகியும் காளியாத்தாள் வரவில்லை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கே தன் வீட்டுக்கு வந்துவிட்டவர் அவர். குடையை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி நடந்தார்.

ஓடை நிரம்பி, பதினோரு லைன் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் நின்றது. இத்தனை வருடம் குடத்து வாய்க் குழாயில் கசிந்து வந்த தண்ணீர், இன்றைக்கு ஒரே மூச்சில் வந்திருந்தது. ஜூலையில் பள்ளம் தோண்டும்போது பொறியாளர் கேட்டது கிருபாவதிக்கு ஞாபகம் வந்தது. "இதுக்கு அக்கட்டால தண்ணி எங்கீங்க போகும்?" "அது நம்ம நகர் எல்லைக்கு வெளியீங்க," என்றார் டேவிட்சன். அது எங்கே போகும் என்று தெரிந்தவர் கிருபாவதி ஒருவர்தான், வேலையாட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆட்சேபணை இருக்கிறதா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

காளியாத்தாள் முழங்கால் தண்ணீரில் நின்று, துணி பீரோவைத் தனியாளாக மேடைமேல் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருபாவதியைக் கண்டதும் பதறினார்.

"டீச்சரம்மா, நீங்க ஏனுங்க இங்கே வந்தீங்க? ஐயா ஊட்டுல தனியாவா இருக்காரு? தண்ணி உள்ள வந்துருச்சுங்களா? இத ஏத்திப்போட்டு ஓடியாரலாம்னுதானுங்க இருந்தேன்."

"வரல காளி. ஒரு சொட்டு வரல."

"நல்லதாப் போச்சுங்க," என்றார் காளியாத்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "ஐயாவ நெனச்சுத்தான் எனக்குக் கையுங் காலும் ஓடலீங்க."

ஒப்புக்குச் சொல்லும் மரியாதையை வருடக்கணக்கில் காதால் கேட்டவர் கிருபாவதி. அதில் எது பொய், எது மெய் என்று அவருக்குத் தெரியாமல் போகாது. காளியாத்தாள் மனதாரத்தான் சொன்னார். கிருபாவதிக்கு வெட்கமாக இருந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடையை மடக்கி மேடைமேல் போட்டுவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிப் பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.