கொண்டை வலைக்குள் ஒரு பவளம்

எங்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சி இருக்க வேண்டிய இடத்தில் கடல் இருக்கிறது. கண்ணாடித் தொட்டி, உள்ளே உப்புத் தண்ணீர், பாறைகள், இரண்டு கோமாளி மீன்கள், அப்புறம் பவளங்கள். பவளம் என்றதும் மோதிரத்தில் பதிக்கிற சிவப்புக் கல்லை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நான் வளர்ப்பது மென்பவளம். எலும்பில்லாத உடம்பு, தொட்டால் வழுவழுப்பு, உயிருள்ள பிராணி. அதிலும் என் செல்லம், குடைக்காளான் போல நின்று, குடையின் மேல் முழுக்கக் குட்டி விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும் ஒன்று. அதன் முன்னால் உட்கார்ந்தேன் என்றால், சோறு அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் எழுந்திருப்பேன்.

உண்மையில் அது அக்காவுடையது. கடல் பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிற அக்காவிடமிருந்துதான் இந்தப் பைத்தியம் எனக்குத் தொற்றியது. அவள் தொட்டியில் இருந்த குடை, சாப்பாட்டுத் தட்டு அகலம். அதிலிருந்து தானாகப் பிய்ந்து விழுந்த ஒரு துண்டைத்தான் எனக்குக் கொடுத்தாள். போன தீபாவளிக்கு அக்கா குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போயிருந்தபோது இடி இடித்து வீட்டில் கரண்டு கட்டாகிவிட்டது. பம்புகள் நின்று, தண்ணீர் சூடாகி, திரும்பி வந்து கதவைத் திறந்தபோது தொட்டியில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அக்கா அழவில்லை. தொட்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, இனி மீன் என்ற பேச்சே இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

என் பவளத்தை வெட்டி அவளுக்கு ஒரு துண்டு தருகிறேன் என்று நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். நச்சரிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கடைசியில் ஒருநாள் ஃபோனில் அவளே அலுத்துப்போய்ச் சொன்னாள்.

"சரி, வெட்டு. ஒட்டிக்கிச்சுன்னா கொண்டாந்து காட்டு. செத்துச்சுன்னா இந்தப் பேச்சையே இனிமே எடுக்காத."

நான் துள்ளிக் குதித்தேன். ஃபோனை வைத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என்னிடம் இருந்ததே உள்ளங்கை அளவுதான். வெட்டிய காயம் அழுகினால் தாயும் போகும், பிள்ளையும் போகும். அதோடு அக்காவும் இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

ஆனாலும் என் கைக்குப் பொறுமை கிடையாது. அடுத்த நாளே கத்தரிக்கோல், கையுறை, பசை எல்லாம் வாங்கிவந்து மேசையில் பரப்பிவிட்டேன். அலுவலகத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை நகமே வெட்ட மாட்டோம், உயிருள்ள பிராணியை வெட்டப் போகிறாயா என்று கேட்டார். கடல் பிராணிக்குக் கிழமை தெரியுமா என்று சண்டைக்குப் போனேன். நியாயம் கேட்க அக்காவுக்கு ஃபோன் போட்டேன். எனக்கென்ன வந்தது, உன் பவளம், உன் இஷ்டம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவளே திரும்ப அழைத்தாள். செவ்வாய் வேண்டாம், புதன்கிழமை வெட்டு என்றாள். எனக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல்.

புதன்கிழமை சாயங்காலம் பம்புகளை நிறுத்திவிட்டுப் பவளத்தைப் பாறையோடு வெளியே எடுத்தேன். கத்தரிக்கோல் உள்ளே போனபோது தடிமனான சோத்தோங் கணவாயை நறுக்குவது மாதிரியே இருந்தது. குடையின் ஓரத்தில் ஒரு துண்டு தனியாக வந்து கையில் உட்கார்ந்தது. கூடவே ஒரு நாற்றமும் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரர் ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டார். நான் அந்த நாற்றத்திலும் சிரித்துக்கொண்டிருந்தேன். என் கையால் ஒரு உயிரை இரண்டாக்கியிருக்கிறேன், அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் பசை பிடிக்கும்வரைதான். துண்டைச் சின்னக் கல்லில் ஒட்டித் தொட்டியில் வைத்தேன். கம்மென்று நின்றது. பம்பைப் போட்டதும் துண்டு கல்லைக் கைகழுவிவிட்டு மிதந்து போனது. இந்தப் பிராணி காயம் பட்டால் உடம்பு முழுக்கக் கோழையைச் சுரக்கும், பசை அந்தக் கோழையில்தான் ஒட்டும், உடம்பில் ஒட்டாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை, அவசரத்தில் மறந்துவிட்டேன். முழங்கைவரை தண்ணீரில் விட்டு அதைத் துரத்தினேன். மீன்கள் மூலைக்கு ஓடின. மறுபடி ஒட்டினேன், மறுபடி போனது. ரப்பர் பேண்டு போட்டால் சதையை அறுத்தது. அதைப் பிடித்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தபோது அழுகை வரும்போல் ஆகிவிட்டது.

முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பக்கத்து ஆணியில் என் கொண்டை வலை தொங்கியது. கோயிலுக்குப் போகும்போது கொண்டைமேல் போடுகிற, கண்ணுக்கே தெரியாத மெல்லிய கறுப்பு வலை. துண்டைக் கல்லோடு கட்டி வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? தலையில் எண்ணெய் வைக்கிறவள் நான், அதை அப்படியே தொட்டிக்குள் போட முடியுமா? செருப்பை மாட்டிக்கொண்டு சூலியா தெருப் பக்கம் ஒரு ஃபேன்சி கடைக்கு ஓடினேன். கல்யாணமா அக்கா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். ஆபரேஷன் என்றேன். அவள் சட்டென்று வலையை எடுத்து நீட்டிவிட்டாள்.

துண்டைக் கல்லின்மேல் வைத்து, புதிய வலையால் பூப்போலப் போர்த்தி, கல்லின் அடியில் முடிச்சுப் போட்டேன். இறுக்கினால் அறுக்கும், தளர்த்தினால் நழுவும். பிச்சோடாக் கொண்டைக்கு வலை போட்ட கைக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. பம்பைப் போட்டேன். நின்றது. வீட்டுக்காரர் கைதட்டினார்.

அதன் பிறகு அது செத்ததுபோல் கிடந்தது. ஒரு விரல்கூட வெளியே வரவில்லை. நாளாக ஆக, மெழுகு தடவியது மாதிரி மேலே ஒரு பளபளப்பு படர்ந்தது. தாய்க் குடையும் சுருங்கி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. அக்கா தினமும் ஃபோன் செய்தாள். பாசாரில் மீன் விலை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில் "அது?" என்பாள். இருக்கு, இன்னும் விரியல என்பேன். சரி என்பாள். அந்தச் "சரி" ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எறிந்துவிடலாம், அழுகித் தண்ணீரைக் கெடுப்பதற்குள் எடுத்துவிடலாம் என்று கையை விட்டேன். முகர்ந்து பார்த்தேன். கடல் வாசனைதான், அழுகல் இல்லை. அப்படியென்றால் ஏன் இந்தக் கோலம்? ஒரு யோசனையில் பம்பின் வாயை அதன் பக்கம் திருப்பினேன். நீரோட்டம் பட்டதும் மெழுகுப் படலத்தின் ஒரு முனை கிளம்பியது. காபிமேல் படிந்த ஆடையை விரலால் எடுப்பது மாதிரி, முழுப் படலமும் உரிந்து வலைக் கண்கள் வழியாக இழை இழையாகப் போனது. அது சாகவில்லை, சட்டை உரித்துக்கொண்டிருந்திருக்கிறது! மத்தியானத்துக்குள் வலைக்கு வெளியே முதல் விரல் நீண்டது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. நான் போட்ட கூச்சலில் மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

இன்னும் சில வாரம் பொறுத்திருந்து வலையை வெட்டி எடுத்தேன். கல்லைத் தலைகீழாகத் திருப்பி உதறினேன். விழவில்லை. அடியில் கல்லைக் கவ்விக்கொண்டிருந்தது. உடனே அக்காவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். கொண்டாந்து காட்டு என்றாள்.

காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன். புதுத் தண்ணீரில் பவளத்தை உடனே விட முடியாது. தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பழக்க வேண்டும். அதற்கு அக்காவைச் சம்மதிக்க வைப்பது தனி யுத்தம். வீட்டுக்காரர் காரோட்ட, பவளத்தைத் தண்ணீரோடு வைத்த ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தில் போகும்போதே வாதங்களையெல்லாம் தயார்செய்தேன். முன்னால் போன லாரி பிரேக் போட்டபோதெல்லாம் பெட்டியைக் கட்டிப்பிடித்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் போன நான் கூடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். தொட்டியில் நீல விளக்கு எரிந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பாறைகள் அடுக்கியிருந்தன. ஒரு மீன் இல்லை, ஒரு நத்தை இல்லை. ஓரத்தில் யாருக்கோ பயந்ததுபோல ஒரு புது பேட்டரி உட்கார்ந்திருந்தது, கரண்டு போனாலும் பம்பு நிற்காமல் இருக்க.

எப்போது நிரப்பினாய் என்று கேட்டேன்.

"நீ வெட்டுன அன்னிக்கு" என்றாள் அக்கா. கையை முழங்கைவரை நனைத்துக்கொண்டு, கல்லைப் பாறைமேல் வைத்து, விளக்குக்கு நேராகத் திருப்பினாள். "செத்திருந்துச்சுன்னா தண்ணியக் கீழ ஊத்திருப்பேன் லா. உனக்குத் தெரிஞ்சே இருந்திருக்காது."