ஓரடிக்குப் பன்னிரண்டடி

எங்கள் குழுவில் பதினொரு பேர். மாற்றுத்திறனாளிகள் சுய உதவிக் குழு என்று பலகையில் எழுதியிருக்கும். நான் செயலாளர். இரண்டு வயதில் வந்த போலியோவோடு என் இடது கால் வளர்வதை நிறுத்திக்கொண்டது; காலிபர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டி, ஒரு கட்டை ஊன்றி நடப்பேன். தலைவர் ஒரு கொத்தனார். வளைகுடாவில் சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு போய், சக்கர நாற்காலியில் ஊர் திரும்பியவர். எனக்கு அவர் அண்ணன், ஊருக்கு மேஸ்திரி.

துணிப்பை தைப்பது எங்கள் தொழில். நான்கு தையல் மிஷின்களும் என் வீட்டு வராந்தாவில்தான் கிடந்தன. சாரல் அடித்தால் துணியை வாரி உள்ளே போட்டுவிட்டு மிஷின்களைத் தார்ப்பாயால் மூடி உட்கார்ந்திருப்போம். மேற்கு மலையோரத்து மழைக்குக் கேட்கவா வேண்டும், வாரத்தில் பாதி நாள் உட்கார்ந்தேதான் இருந்தோம்.

அரசு மானியம் ஒன்று இருப்பதைச் சொன்னது பஞ்சாயத்து கிளார்க். ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போட்டுப் பொதுக்கட்டடம் கட்டித் தரும். தைக்க ஒரு கூடம் கேட்கலாம், பஞ்சாயத்து நிலம் ஐந்து சென்ட் சும்மா கிடக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

"ஊர் பங்கு ஆரு போடுவா? நம்ம கையில என்ன இருக்கு?" என்றார்.

"கேப்போம் அண்ணே. கேக்காம எப்படித் தெரியும்?"

கேட்டோம். எங்கள் திருச்சபையில் போதகரிடம் கேட்டேன். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவார்கள். அதில் ஒரு பொருளை எங்கள் பேரில் விடச் சம்மதித்தார். எங்கள் குழுவில் பார்வையில்லாத அக்கா ஒருத்தி உண்டு. அவள் வீட்டு முற்றத்தில் காய்த்த செந்துளுவன் வாழைக்குலையைக் கொடுத்தாள். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டினார், குலையை வாங்கவில்லை. "திரும்ப விடுங்க" என்றார். அடுத்தவரும் அப்படியே. ஏலம் கூறுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் மதிலுக்கு வெளியே நின்றிருந்த பலசரக்குக் கடைக்காரர் கையைத் தூக்கினார். அவர் அய்யாவழிக்காரர்; அவர்கள் கும்பிடும் நிழல்தாங்கலுக்கு அடுத்த கடை. "நானும் எடுக்கலாமா?" என்று கேட்டு எடுத்து, குலையைத் தாங்கலுக்குக் கொண்டுபோய், அங்கே வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பழம் கொடுத்தார். அடுத்த வாரம் தாங்கலிலிருந்தும் எங்களைக் கூப்பிட்டு, பிரித்த பணத்தைக் கொடுத்தார்கள். ஊர்ப் பங்கு சேர்ந்துவிட்டது. இரண்டு இடத்திலும் நாங்கள் யாரிடமும் கை நீட்டவில்லை. ஊர்தான் எங்கள் பேரைச் சொல்லி உற்சாகமாகக் கொடுத்தது.

மனு கொடுக்கவேண்டிய அலுவலகம் மாடியில். லிஃப்ட் இல்லை. நானும் அண்ணனும் ஆட்டோவில் போய் இறங்கியதும் உதவியாளர் ஒருவர் ஓடி வந்தார்.

"எக்கா, நீங்க ஏறாண்டாம். பேப்பர இங்க தாங்க, நான் சார்ட்ட குடுக்கேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, கட்டட வரைபடம் சரியில்லை என்று மனு திரும்பி வந்தது. அண்ணன் ராத்திரி பகலாக உட்கார்ந்து வேறு வரைந்தார். மறுபடி போனோம், மறுபடி அதே உதவியாளர், அதே நல்ல மனது. இந்தத் தடவை பஞ்சாயத்துத் தீர்மான நகல் இல்லை என்று திரும்பி வந்தது. நகல் மூன்றாவது பக்கத்திலேயே இருந்தது. யாரோ பார்க்கவில்லை.

மூன்றாம் முறை உதவியாளர் கை நீட்டியபோது நான் கொடுக்கவில்லை.

"இன்னைக்கு நானே கொண்டு போறேன் தம்பி."

கட்டையை அண்ணன் மடியில் வைத்தேன். ஃபைலைக் கழுத்தில் தொங்கிய துணிப்பைக்குள் போட்டேன். முதல் படியில் உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, உடம்பை ஒரு படி மேலே தூக்கினேன். பிறகு அடுத்த படி. சேலை முழுக்கத் தூசி. காலிபர் இரும்பு ஒவ்வொரு படியிலும் இடித்துச் சத்தம் போட்டது. இறங்கி வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கி நின்றார்கள். வெட்கமாக இருந்ததா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். முதல் நாலு படிக்கு இருந்தது. அதற்கப்புறம் கை வலிதான் தெரிந்தது.

சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். வெளி மாவட்டத்துக்காரர், வயது குறைவு. என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது? சொல்லி அனுப்பியிருந்தா நானே கீழே வந்திருப்பேனே."

"ரெண்டு மட்டம் அனுப்பினோம் சார். பேப்பர் மட்டும்தான் மேல வந்துது, ஆள் வரல்ல."

அவர் கை நீட்டி ஃபைலைப் பிடித்தார். நான் விடவில்லை.

"எங்க தலைவர் கீழ நிக்காரு சார். அளவு, படம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரால இந்தப் படி ஏற ஒக்காது. நீங்க ஒருக்கா கீழ வரணும்."

வந்தார். வண்டி நிறுத்துமிடத்துத் திண்டில் உட்கார்ந்து, அண்ணனுக்கு எதிரே, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். தீர்மான நகலைத் தொட்டு, "இது இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது யார் வரைஞ்சது?"

"நானாக்கும் சார். பதினாறு வருஷம் கொத்தவேல பாத்தவன்."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அனுமதி ஆணை வந்தது. ஆணையில் எங்கள் குழுவின் பெயர் அச்சில் இருந்தது. பதினொரு பேரும் அதை மாற்றி மாற்றிக் கையில் வாங்கினோம். பார்வையில்லாத அக்கா எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

கூடம் எழும்பியது. சுவர் நேர்த்தி, கூரை நேர்த்தி. வாசலில் ஒப்பந்தக்காரர் கட்டி வைத்திருந்த சாய்தளத்தைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியை நிறுத்திவிட்டார். எட்டடி நீளத்தில் செங்குத்தாக நின்றது.

"இது சரிப்படாது கேட்டீரா. இடிக்கணும்."

"ராம்புன்னா ராம்புதானே மேஸ்திரி. எல்லா இடத்திலயும் இப்பிடித்தான் கட்டுறது."

"அப்பம் நீரு ஒரு சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டு ஏறிக் காட்டும்."

எங்கள் குழுத் தம்பி ஒருவனின் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து சக்கரத்தைத் தள்ளினார். பாதி ஏறியவர் சர்ரென்று பின்னால் வந்தார். நல்லவேளை, நாலு பேர் பிடித்துக்கொண்டோம். மேற்பார்வைக்கு வந்திருந்த இளம் பெண் பொறியாளர் அடுத்து உட்கார்ந்து பார்த்தார். அவரும் பாதி தாண்டவில்லை. இறங்கி நின்று, "எப்படி இருக்கணும், அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"ஒரடி ஒசரத்துக்குப் பன்னெண்டடி நீளம் வேணும் மக்கா. தளம் ரெண்டடி. அப்பம் இருவத்துநாலு. நேரே விட்டா ரோட்டில போய் முட்டும். அதனால ஒரு மடக்கு மடக்கணும். மடக்குல நின்னு மூச்சு விட ஒரு சமதளம்."

இடித்தார்கள். இரண்டு நாள் அண்ணன் அங்கேயே இருந்தார். டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கச் சொன்னார், நூல் கட்டச் சொன்னார், தப்பாகக் கட்டினால் அவிழ்க்கச் சொன்னார். கடைசிப் பூச்சின்போது ஒரு பணியாளரிடம், "மக்களே, கரண்டிய இங்க தா" என்றார். விழுந்த பிறகு அவர் கையில் கொத்துக்கரண்டியைப் பார்த்தது எனக்கு அதுதான் முதல் முறை. நாற்காலியிலிருந்தே குனிந்து, எட்டின இடமெல்லாம் இழைத்து, மழையில் சக்கரம் வழுக்காமலிருக்கத் துடைப்பத்தால் கோடு போட்டார். அவர் வாய் ஏதோ பாட்டை முணுமுணுத்தது.

திறப்பு நாளில் ஏறியவர்கள் வரிசையை நான் இன்னும் சொல்வேன். அண்ணன், நாற்காலித் தம்பி, கைப்பிடியைத் தடவியபடி அக்கா, கட்டையோடு நான். யாரும் யாரையும் தூக்கவில்லை. அந்த அதிகாரியும் எங்கள் பின்னால் சாய்தளத்தில்தான் ஏறி வந்தார்.

பொறியாளர் பெண் இப்போது புதிதாகக் கட்டடம் எது கட்டினாலும் அண்ணனுக்குப் போன் செய்கிறார். பக்கத்துப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, போன மாதம் கீரிப்பாறைப் பக்கம் ஒரு துணைச் சுகாதார நிலையம். மூன்று சக்கர ஸ்கூட்டரில் டியூபும் நூலுமாகப் போகிறார். போகிற இடத்தில் யாராவது யார் என்று கேட்டால், "மேஸ்திரியாக்கும்" என்கிறார்.